எண்பத்து மூன்று பென்ஸ்

பால் பொங்குவதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் கைப்பேசியை எடுத்தேன். ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை, காலை ஏழு மணி, தெற்கு லண்டனின் குராய்டனில் இன்னும் விடியவில்லை. பந்தயம் கட்ட முந்தைய இரவே பார்த்துவைத்த குதிரை; ஒன்றுக்கு 12 என்ற விலை (ஒரு பவுண்டு கட்டி ஜெயித்தால் அசல் போகப் பன்னிரண்டு பவுண்டு) அப்படியே இருந்தது. ஐந்து பவுண்டு என்று அடித்துப் பொத்தானை அழுத்தினேன். திரையில் சக்கரம் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுற்றியது. பிறகு ஒரு சாம்பல் நிறக் கட்டத்துக்குள் இரண்டு வரிகள்: கேட்ட தொகையை ஏற்க இயலவில்லை, இந்த ஓட்டத்தில் உங்களுக்கான உச்சவரம்பு 83 பென்ஸ். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். ஒரு பவுண்டைக்கூட எட்டாத எண்பத்து மூன்று பென்ஸுக்கு லண்டன் ரோட்டுத் தமிழ்க் கடையில் ஒரு கட்டுக் கொத்தமல்லிகூடக் கிடைக்காது. நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்க, பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். இந்த நாட்டில் குதிரைமீது பணம் கட்டுகிறவர்களுக்கு இது பழகிய செய்தி. தோற்கிறவரைப் பந்தய நிறுவனத்தார் தாம்பாளத்தில் வைத்துத் தாங்குவார்கள். ஜெயிக்கக்கூடும் என்று வாசனை அடித்தாலே கணக்கைச் சுருக்கிவிடுவார்கள். ஆக, ஒரு பெரிய நிறுவனத்தின் கணிப்பொறி என்னைக் கெட்டிக்காரி என்று சான்றளித்துவிட்டது. மாடியிலிருந்து இறங்கி வந்த கணவரிடம் கைப்பேசியை நீட்டி, "என்னைக் கண்டு பயப்படுகிறார்கள்" என்றேன். அவர் அடுப்பைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். "அப்படியென்றால் இதுவரை எவ்வளவு ஜெயித்திருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுத் துடைக்கும் துணியை எடுக்கப் போனார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் அந்தக் கேள்வி இத்தனை நாளாகியும் என்னை விட மறுக்கிறது.

கடையில்தான் இருக்கிறேன்

நான் பெரம்பூரில் வளர்ந்தவள். மாப்பிள்ளை விசாரிக்கும்போது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது மூன்று: குடி உண்டா, சீட்டு உண்டா, ரேஸ் உண்டா. மூன்றில் ரேஸ்தான் மிக மோசம் என்பது பொதுக் கருத்து. குடிகாரனாவது மாதக் கடைசியில் கையில் காசில்லாமல் நிறுத்துவான், ரேஸுக்குப் போகிறவன் அப்போதுதான் தொடங்குவான் என்பார் பாட்டி. என் பெரிய மாமாவின் ஸ்கூட்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்டிக்குப் போனது. மாமா மட்டும் மின்சார ரயிலில் திரும்பி வந்தார். அந்த ஸ்கூட்டரைப் பற்றி வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. ஆனால் குடும்பத்தில் எந்த ஆண்பிள்ளை வண்டி வாங்கினாலும் அத்தை ஒருமுறை பெருமூச்சு விடுவார்.

எனக்கு ஒரு வசதி இருந்தது. 'ரேஸுக்குப் போகிறவன்' என்ற வசைக்குத் தமிழில் பெண்பால் கிடையாது. எந்தப் பாட்டியும் அப்படி ஒருத்தியைக் கற்பனை செய்து பார்க்கவில்லை. சனிக்கிழமைகளில் இங்கே மதியம் இரண்டு மணிக்கு, அங்கே இரவுச் சாப்பாட்டு நேரத்தில், அம்மா கூப்பிடுவார். "எங்கே இருக்கிறாய்?" என்பார். "கடையில் அம்மா" என்பேன். பொய் இல்லை. பெட்டிங் ஷாப்பும் கடைதானே. நீல நிறக் குட்டிப் பேனாக்களும், சுவர் நிறையத் திரைகளும், மழைக்கோட்டு நனைந்த வாசனையும் உள்ள கடை. என்னைத் தவிர வாடிக்கையாளர் எல்லோரும் ஆண்கள். அவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள். யாரும் என்னை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஒரே ஒருவர் மட்டும் என் சீட்டை எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அவர் தலையாட்டினால் அந்தக் குதிரை தோற்கும்.

திறமையா சூதாட்டமா என்ற கேள்வி சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குதிரைப் பந்தயம் பெருமளவு திறமையைச் சார்ந்தது, அதைச் சூதாட்டக் கணக்கில் சேர்க்க முடியாது. அன்று மாமா செய்தித்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டினார். "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது, அது திறமை என்று." அத்தை காய் நறுக்கிக்கொண்டே, "அப்படியானால் அந்தத் திறமை உங்களிடம் இல்லை என்றும் சொல்லிவிட்டது" என்றார். என் கணவரின் கேள்விக்கு அத்தையின் சாடை உண்டு என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

அக்டோபர் வந்தால் திரும்பி வருகிறவர்கள்

கிண்டியில் அன்று ஓடியது வேலி தாண்டாத சமதளப் பந்தயம். இங்கே குளிர்காலத்தில் நடப்பது வேறு சாதி: இரண்டு மைலிலிருந்து நான்கு மைலுக்கு மேல் வரை, சேற்றில், இடுப்பளவுக்கும் மேலான வேலிகளைத் தாண்டி ஓடுவது. 2011 டிசம்பர் 26 அன்று, ரயில் அதிகம் ஓடாத கிறிஸ்துமஸ் மறுநாளில், தொலைக்காட்சியில் தற்செயலாகக் கெம்ப்டன் பார்க் மைதானத்துப் பந்தயத்தைப் பார்த்தேன். கௌட்டோ ஸ்டார் என்ற பதினொரு வயதுக் குதிரை, அதே ஆண்டில் தன்னை இரண்டு முறை தோற்கடித்த லாங் ரன் என்ற ஆறு வயதுக் குதிரையை வென்று, ஐந்தாவது முறையாகக் கிங் ஜார்ஜ் கோப்பையை எடுத்தது. பதினொரு வயது என்பது பந்தயக் குதிரைக்குக் கிட்டத்தட்டப் பணி ஓய்வு வயது. கெம்ப்டன் கூட்டம் போட்ட சத்தத்தில் என்னவோ குடும்ப வாசனை இருந்தது. பெரியப்பா பிழைத்து எழுந்துவிட்டார் என்பதுபோல.

அந்த வாசனைக்குக் காரணம் பிறகு புரிந்தது. சமதள ஓட்டத்தின் பெரிய குதிரைகள் இரண்டு வயதில் வந்து, மூன்று வயது முடிந்ததும் இனப்பெருக்கத்துக்குப் போய்விடும், அங்கேதான் பணம். தாண்டல் குதிரைகளில் பெரும்பாலானவை காயடிக்கப்பட்டவை. அவற்றுக்கு வேறு பிழைப்பு இல்லை. அதனால் ஒவ்வோர் அக்டோபரிலும் மழை பிடிக்கும்போது திரும்பி வருகின்றன, ஐந்தாறு வருடங்களுக்கு. எதற்குக் கனத்த சேறு பிடிக்கும், எது இடப்பக்க வளைவில் முரண்டு பிடிக்கும், எது முன்னால் போய்விட்டால் சோம்பேறியாகிவிடும் என்று ஊர்க்காரர்களின் குணம்போலத் தெரிந்துவிடும். நாடு விட்டு வந்தவளுக்கு, தொடர்ந்து பல வருடங்கள் முகம் மாறாமல் வரும் யாராவது வேண்டியிருந்தார்களோ என்னவோ.

பிறகு எழுத்துகள். பந்தய அட்டவணையில் ஒவ்வொரு குதிரையின் பெயருக்கு முன்னாலும் அதன் கடந்த காலம் ஒரு வரியில் அச்சாகியிருக்கும். எண் என்றால் வந்த இடம். எஃப் என்றால் விழுந்தது. யு என்றால் ஜாக்கி விழுந்தார், குதிரை விழவில்லை. ஆர் என்றால் தாண்ட மாட்டேன் என்று மறுத்துவிட்டது. இந்த எழுத்தைப் பார்த்தால் எனக்கு மரியாதை வரும். பி என்றால் ஜாக்கியே போதும் என்று கடிவாளத்தை இழுத்து நிறுத்திவிட்டார். புதிதாக வருகிறவர்கள் பி-யைக் கண்டு ஓடுவார்கள். தரை காய்ந்திருந்ததால் நிறுத்தினாரா, மூச்சு வாங்கியதால் நிறுத்தினாரா என்பதைத் தேடினால் அதற்குள் ஒரு கதையே இருக்கும்.

எஃப் என்ற எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் நேர்மை இல்லை. விழுந்த குதிரைகளில் பெரும்பாலானவை எழுந்து ஓடிவிடும். சில எழுவதில்லை. அப்போது பச்சை நிறத் திரைத்துணிகளைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் ஓடுவார்கள். கூட்டம் சட்டென்று வேறு பக்கம் பார்க்கப் பழகியிருக்கிறது. நான் ஒருமுறை முப்பதடி தூரத்தில் இருந்து பார்த்தேன். அந்தப் பருவம் முழுக்க ஒரு பைசா கட்டவில்லை. அக்டோபரில் மழை வந்ததும் பந்தயக் கணக்கு நோட்டை எடுத்துவிட்டேன். ஐன்ட்ரீ மைதானத்தில் நடக்கும் கிராண்ட் நேஷனல் என்ற பெரிய தாண்டல் பந்தயத்துக்கு 2024 முதல் நாற்பது குதிரைகளுக்குப் பதில் முப்பத்து நான்கு என்று குறைத்திருக்கிறார்கள், வேலிகளையும் மாற்றியிருக்கிறார்கள். அலுவலகத்தில் ஒரு பெண் இந்த விஷயத்தில் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இருப்பதுபோல் இங்கே எழுதவும் மாட்டேன்.

அவர்கள் எதைக் கண்டு பயந்தார்கள்

அன்று இரவு நோட்டை எடுத்துக் கூட்டினேன். மருத்துவமனைக் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள், கூட்டல் தப்பாது. என்னைச் சுருக்கிய அந்த நிறுவனத்தில் மூன்று வருடங்களில் என் மொத்த லாபம் 41 பவுண்டு 30 பென்ஸ். கடைகள், மைதானங்கள், மற்றக் கணக்குகள் எல்லாம் சேர்த்து ஒன்பது பருவங்களில் என் நஷ்டம் 1,186 பவுண்டு. ஜிம்முக்குக் கட்டிவிட்டுப் போகாமல் இருந்த காலத்தில் இதைவிட வேகமாகச் செலவழித்திருக்கிறேன் என்று கணவரிடம் சொன்னேன். "சரி, நஷ்டப்படுகிறவளைக் கண்டு அவர்களுக்கு என்ன பயம்?" என்றார். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். அது வணிகப் பிரிவின் முடிவு, காரணம் தெரிவிக்க இயலாது, பொறுப்புடன் விளையாடுங்கள் என்று பதில் வந்தது. 83 பென்ஸில் எப்படிப் பொறுப்பில்லாமல் விளையாடுவது?

காரணம் எனக்குத் தெரியும், கொஞ்சம் யோசித்தால். ஆறு குதிரைகள் ஓடுகின்றன. விலைகள் ஒன்றுக்கு 2, 3, 4, 5, 8, 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு 2 என்றால் மூன்றில் ஒரு வாய்ப்பு, நூற்றுக்கு 33. ஒன்றுக்கு 3 என்றால் 25. இப்படி ஆறையும் கூட்டினால் நூறு வர வேண்டும், வருவது 115. அந்தக் கூடுதல் பதினைந்துதான் புக்கியின், அதாவது பந்தயப் பணம் வாங்குகிறவரின், சோறு. ஆனால் இந்த விலைகள் முந்தைய நாள் வைத்தவை. மழை பெய்யும், தரை மாறும், ஜாக்கி மாறுவார், பணம் வந்து குவியும். ஓட்டம் கிளம்பும்போது விலை வேறாக இருக்கும். அந்தக் கடைசி விலைதான் உண்மைக்கு மிக நெருக்கமானது என்பது இந்தத் தொழிலின் நம்பிக்கை. நான் செய்தது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை இரவு மேகப் படத்தைப் பார்ப்பேன். எந்த மைதானத்தின்மேல் மழை இறங்கப் போகிறதோ, அங்கே சேற்றில் ஜெயித்துவிட்டுக் காய்ந்த தரையில் பி, பி என்று நின்றுபோன கிழட்டுக் குதிரையைத் தேடி, விலை குறைவதற்குள் கட்டுவேன். ஒன்றுக்கு 12 கொடுத்தது காலையில் 9 ஆகும், மதியம் 7 ஆகும். குதிரை மூன்றாவதாக வந்து என் காசு போகும். அவர்களுடைய கணிப்பொறி போன காசைப் பார்க்கவில்லை. 12 எப்படி 7 ஆனது, அதற்கு முன் யார் வந்தார்கள் என்பதைப் பார்த்தது.

ஆக, உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் அந்தக் கணிப்பொறியும் சொல்கிறது. இது திறமை. திறமைக்கு இங்கே இடமில்லை. நான் தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு திறமைசாலி. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், கணிப்பொறி இல்லாத இடத்துக்குப் போனேன்.

பிளம்ப்டனில் ஒரு திங்கட்கிழமை

கிழக்கு குராய்டனில் ஏறினால் லூயிஸ் போகும் ரயில் பிளம்ப்டனில் நிற்கும். இறங்கினால் நிலையத்தை ஒட்டியே மைதானம். பின்னால் தெற்கு டவுன்ஸ் குன்றுகள் பச்சையாக, அன்று பாதி மேகத்துக்குள். பிப்ரவரித் திங்கள் மதியம், வேலைக்கு விடுப்பு, அம்மாவிடம் பல் மருத்துவர் என்று சொல்லியிருந்தேன் (இதுமட்டும் பொய்). சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை. தரை ஹெவி, பந்தயக்காரர்கள் மொழியில் மிகக் கனத்த சேறு. காலணி உள்ளே போனால் சப்பென்ற சத்தத்தோடு வெளியே வந்தது.

நான் வந்தது மூன்றாவது ஓட்டத்துக்காக. ஏறக்குறைய இரண்டரை மைல். என் குதிரை பத்து வயது, பழுப்பு நிறம், மூக்கில் ஆட்டுத்தோல் பட்டை. அதன் வரி: 1 4 / பி பி 6. அந்தச் சாய்கோடு ஒரு பருவம் முழுக்க ஓடவில்லை என்று சொல்கிறது. அந்த 1, இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னால் இதேபோன்ற சேற்றில் எடுத்தது. இரண்டு பி-யும் காய்ந்த தரையில். இன்னொன்றும் இருந்தது. அன்று ஏறியவன் பயிற்சியில் இருக்கும் பையன். அப்படிப்பட்டவர்களுக்கு அனுபவக் குறைவுக்கு ஈடாகக் குதிரை சுமக்க வேண்டிய எடையில் ஏழு பவுண்டு கழிப்பார்கள். மூன்று கிலோவுக்குச் சற்று மேல். காய்ந்த தரையில் அது பெரிதல்ல. இந்தச் சேற்றில், இந்தத் தூரத்துக்கு, அது மலை. நான் ரயிலில் வரும்போது நோட்டில் அடிக்கோடிட்டது அந்த ஏழு பவுண்டைத்தான்.

வரிசையில் ஆறேழு புக்கிகள், குடைக்குக் கீழே, பெட்டிமேல் ஏறி நின்றுகொண்டு. தொப்பி வைத்த ஒருவரிடம் ஒன்றுக்கு 7 இருந்தது. பத்து பவுண்டு நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வரலாற்றைக் கேட்கவில்லை, வணிகப் பிரிவை அழைக்கவில்லை. நோட்டைத் தோல்பையில் போட்டுச் சீட்டைக் கொடுத்தார். நான் நகர்ந்ததும் பலகையில் 7 ஆறரையாக மாறியது. என் பத்து பவுண்டுக்கு விலை அசைந்துவிட்டது என்று ஒரு கணம் நிமிர்ந்தேன். பிறகுதான் எனக்குப் பின்னால் நின்றவர் கற்றையாக நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தது தெரிந்தது.

கடைசி வேலிக்கு முந்தைய வளைவில் என் குதிரை தனியாக வந்தது. மற்றவை சேற்றில் துடுப்புப் போடுவதுபோல் கையும் காலும் வீசின; இது மட்டும் காதை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தது. ஆறு குதிரை நீளம் முன்னால். பக்கத்தில் இருந்த கிழவர், "இதை எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டார். "மழை" என்று வாயைத் திறந்தேன். குதிரை கடைசி வேலியைச் சற்று முன்கூட்டியே எம்பித் தாண்டியது, இறங்கும்போது மூக்கு தரையைத் தொட்டது. நிமிர்ந்துவிட்டது. அனுபவப்பட்ட ஜாக்கி என்றால் கடிவாளத்தை நீள விட்டு, பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். பையன் முன்னால் சாய்ந்தான்; குதிரையின் காதுகளுக்கு நடுவே மெதுவாக, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்குபவன்போல் இறங்கினான். சேற்றில் உட்கார்ந்து சாட்டையைத் தரையில் அடித்தான். குதிரை ஆளில்லாமல் ஓடிப்போய் எல்லைக் கம்பத்தை முதலில் கடந்தது. காது அப்போதும் முன்னால்தான் இருந்தது. அதைப் பொறுத்தவரை அது ஜெயித்துவிட்டது.

ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. ஒரு கோப்பைத் தேநீரோடு நிலையத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். இதுவரை இப்படி நடந்தால் நான் எழுதும் சொல் ஒன்று உண்டு: துரதிர்ஷ்டம். எழுதப் போனவள் நிறுத்தினேன். அடிக்கோடிட்ட ஏழு பவுண்டு கண்ணில் பட்டது. அந்த எடை ஏன் கழிக்கப்பட்டது? பையனுக்கு அனுபவம் போதாது என்பதற்காக. அந்தக் கழிவை நான் ஏன் விரும்பினேன்? அது சும்மா கிடைத்தது என்று நினைத்ததால். அவன் விழுந்தது எதனால்? எதற்காகக் கழித்தார்களோ அதனால். இதில் எது என் திறமை, எது என் துரதிர்ஷ்டம் என்று கோடு போட்டுப் பிரிக்க முயன்றேன். மாமாவிடமும் சுப்ரீம் கோர்ட்டிடமும் சேர்த்துக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

பெரிய ஆட்களுக்கே இது பிரிந்து வந்ததில்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். இருபது முறை சாம்பியன் ஜாக்கியான ஏ.பி. மெக்காய், மொத்தம் 4,358 ஓட்டங்களை ஜெயித்தவர், கிராண்ட் நேஷனலை மட்டும் பதினைந்தாவது முயற்சியில், 2010இல்தான் எடுத்தார். 1967இல் அதே கிராண்ட் நேஷனலில் ஆளில்லாத ஒரு குதிரை வேலிக்குக் குறுக்கே ஓட, முன்னால் வந்த கூட்டம் மொத்தமும் மோதிக் குவிந்தது. வெகுதூரம் பின்தங்கி வந்த ஃபொய்னாவன் மட்டும் இடைவெளியில் நுழைந்து தாண்டி, ஒன்றுக்கு 100 விலையில் ஜெயித்தது. பின்தங்கியதுதான் அதன் பலம். இன்று அந்த வேலிக்கே அதன் பெயர். அன்று அதன்மீது கட்டியவர்களும் காரணத்தோடுதான் கட்டினோம் என்று பிறகு சொல்லியிருப்பார்கள். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

ரயில் வந்தது. நோட்டில் யு என்று மட்டும் எழுதினேன். வீட்டுக்கு வந்ததும் கணவர் மைதானத்துக் கதையை முழுக்கக் கேட்டார். பையன் இறங்கிய இடத்தை இரண்டாம் முறை நடித்துக் காட்டச் சொன்னார். எவ்வளவு போயிற்று என்று மட்டும் கேட்கவில்லை. அதற்கு நன்றியாகவோ என்னவோ நானே சொன்னேன், பத்து என்று.

மூன்று வாரம் கழித்து அதே குதிரை வேறொரு மைதானத்தில் வந்தது. வரியின் கடைசியில் யு. ஆனால் பிளம்ப்டனில் நடந்ததை நாடே திரையில் பார்த்திருந்தது. அதனால் ஒன்றுக்கு 7 இல்லை, 2தான். அனுபவப்பட்ட ஜாக்கி, எடைக் கழிவும் கிடையாது. நான் கட்டவில்லை. பன்னிரண்டு நீளத்தில் ஜெயித்தது. கைதட்டினேன், வரவேற்பறையில் தனியாக நின்றுகொண்டு.

என்னைச் சுருக்கிய கணக்கை நான் மூடவில்லை. மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மேற்கிலிருந்து மேகம் திரண்டு வந்த இரவில், கிழட்டுக் குதிரை ஒன்றைக் கண்டுபிடித்து ஐந்து பவுண்டு கேட்டேன். 83 பென்ஸ் என்றது. சரி என்று அழுத்தினேன். ஒன்றுக்கு 12. மறுநாள் அது அரை நீளத்தில் ஜெயித்து, அசலோடு சேர்த்து 10 பவுண்டு 79 பென்ஸ் கணக்கில் ஏறியது. அம்மா கூப்பிட்டபோது கொத்தமல்லி வாங்கிக்கொண்டிருந்தேன், உண்மையாகவே கடையில். அடுத்த சனிக்கிழமை காலை பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறுபடி முயன்றேன். சக்கரம் சுற்றியது. உச்சவரம்பு 21 பென்ஸ் ஆகியிருந்தது.